ஏரியில் விழுந்த பஸ்ஸும் சாக்பீஸ் போட்ட மாப்பிள்ளையும்

ஒரு வேலையாகப் போன ஊரில் இன்னொரு வேலையையும் சேர்த்து முடித்துக்கொண்டு வரலாம் என்று நினைப்பவனை நம்பாதீர்கள். இரண்டையும் கெடுத்துவிட்டுத்தான் திரும்புவான். நான் கெடுத்தேன். அதுவும் பி.ஏ. பட்டத்தோடு, சலவைச் சட்டையோடு, ஒரு பெட்டி சாக்பீஸோடு.

யுத்த காலம். பெட்ரோல் தட்டுப்பாடு. பஸ்களெல்லாம் முதுகில் பெரிய இரும்பு பாய்லரைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. (ஓடின என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் நாம்தான் இறங்கித் தள்ள வேண்டும்.) அப்படி ஒரு கரி பஸ் செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும்போது, வல்லத்துக்கு முன்னால் ஓர் ஏரிக்குள் இறங்கிவிட்டது. கரையோர ஊர்க்காரர்கள் ஓடிவந்து எல்லோரையும் வெளியே இழுத்துப் போட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

பட்டணத்தில் நான் சேர்ந்திருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி, பஸ் முழு நஷ்டம் என்று முதலாளிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகு, மிச்சம் கிடக்கிற தகரம், கட்டை, ஆணி எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அதற்கு எங்கள் ஆபீஸில் சால்வேஜ் என்று பெயர். அதைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் நம்பர் போட்டு, ஏலத்துக்குத் தயார் செய்ய என்னை அனுப்பினார்கள்.

ஊர்ப் பெயரைக் கேட்டதும் அம்மா குதித்தாள். “அந்த ஊர்லதான்டா சின்னப்பன் வூடு இருக்குது! அப்படியே பொண்ணப் பாத்துட்டு வந்துரலாம்.”

சின்னப்பன் மகள் பிலோமினாவை அதற்கு முந்திய வருஷம் அனந்தபுரத்தில் மாதா திருநாளில் தேருக்குப் பின்னால் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் செபமே ஓடவில்லை. ஆனால் ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. (நான் அதிகமாகப் பேசுகிறேனாம்.) அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “இந்த எடமும் போச்சுன்னா நீ சாமியாராத்தான் போவணும். அங்க வந்து வாயத் தொறந்த, நடக்கிறதே வேற.”

அம்மாவும் மாமாவும் மாட்டு வண்டியில் நேராகப் பெண் வீட்டுக்குப் போனார்கள். நான் முதலில் ஏரிக்குப் போனேன்.

கரையில் பஸ் இல்லை. பூனை தின்று முடித்த மீன் முள் மாதிரி சேஸிஸும், அதன் நுனியில் எஞ்சினும் கிடந்தன. பக்கத்தில் ஒருவர் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் தேடுற?”

“இங்கே ஒரு பஸ்...”

“தோ இருக்குதே.”

“மீதி?”

“மீதி ஊருக்குள்ள இருக்குது” என்றார், உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்வது போல. அவர் காலைப் பார்த்தேன். கம்பெனி டயர் செருப்பாகி என்னைப் பார்த்தது. ஒரு முழு பஸ்ஸை ஊரே பிய்த்துத் தின்றிருக்கிறது!

அதே அதிர்ச்சியோடு பெண் வீட்டுக்குள் நுழைந்தேன். “வாங்க மாப்ளே, வாங்க” என்று சின்னப்பன் கையைப் பிடித்து, வீட்டிலேயே உயர்ந்த ஆசனத்தில் உட்கார வைத்தார். சிவப்பு ரெக்ஸின், தேங்காய்நார் மெத்தை. நிமிர்ந்தால் தலைக்கு மேலே பலகை: ‘பெண்கள் மட்டும்’.

மாமா குனிந்து காதில் சொன்னார்: “கண்டக்டர் வந்தா எழுந்துரு மாப்ளே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் சுழன்றது. முற்றத்தில் நெல் அவிந்துகொண்டிருந்தது, எங்கள் பாய்லரில். காளை கழுநீர் குடித்துக்கொண்டிருந்தது, எங்கள் பானெட்டில். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்தது, எங்கள் ஹெட்லைட் கிண்ணத்தில். சமையற்கட்டுக்குக் கதவாக நின்றது எங்கள் பஸ் கதவு. ‘படியில் நிற்காதே’ என்று அதில் எழுதியே இருந்தது. அதற்குப் பின்னால்தான் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

வாயைத் திறக்கக் கூடாது என்பதுதானே அம்மாவின் உத்தரவு? திறக்கவில்லை. எழுந்தேன். சாக்பீஸை எடுத்தேன். நான் உட்கார்ந்திருந்த சீட்டில் ஒன்று என்று போட்டேன். பலகையில் இரண்டு. மாதாவின் கிண்ணத்தில் மட்டும் பயந்துகொண்டு சின்னதாக மூன்று. அப்புறம் முற்றம். கடைசியாகத் திரும்பி வந்து சமையற்கட்டுக் கதவில் பெரிதாக ஓர் ஆறு.



சின்னப்பன் முகம் வெளுத்து அம்மாவிடம் திரும்பினார். “யம்மா, சீரு ஒண்ணும் வாணாம்னு சொன்னீங்களே. மாப்ள இன்னான்னா மாட்டுத் தொட்டி வரைக்கும் குறிச்சிக்கினு வர்றாரே!”

“சேசுவே!” அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “டேய் அருளு, நெல்லு அவிக்கிற பானை உனக்கு இன்னாத்துக்குடா?”

அங்கேதான் வாயைத் திறந்தேன். திறந்தால் மூடத் தெரியாது எனக்கு. முழு நஷ்டம் என்றால் என்ன, மிச்சம் யாருக்குச் சொந்தம், எடுத்து வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய குற்றம் என்று கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கப் வாங்கிய அதே குரலில் முழங்கினேன். “இந்த வீட்டில் நான் நம்பர் போட்டது எல்லாம் கம்பெனி சொத்து!” என்று முடித்தேன். கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தியதாகக்கூட ஞாபகம்.

ஆறாம் நம்பர் கதவு திறந்தது. காபி டம்ளரோடு பிலோமினா வந்து கதவை ஒட்டி நின்றாள்.

“இன்னா சொன்னீங்க? அந்த பஸ்ஸுல மீந்ததெல்லாம் உங்க கம்பெனிதா?”

“ஆமாங்க. சட்டப்படி.”

“அன்னிக்கு அந்த பஸ்ஸுக்குள்ள நானும்தான் இருந்தேன். கழுத்து மட்டும் தண்ணி. கதவு தொறக்கல. ஊரு சனம்தான் கடப்பாறை போட்டு இந்தக் கதவப் பேத்து என்னை வெளிய எடுத்தாங்க.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். “நானும் அதுல மீந்ததுதான். எம்மேலயும் ஒரு நம்பர் போட்டுக்கினு போங்க.”

எனக்குக் கொடுத்த காகிதங்களில் பஸ் இருந்தது. அதன் வயசு இருந்தது, விலை இருந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள் என்பது அந்த நிமிஷம் வரை என் மண்டையில் ஏறவே இல்லை. சாக்பீஸ் கையிலிருந்து விழுந்து உடைந்தது. பேச்சு வரவில்லை. (இதை எங்கள் குடும்பத்தில் இன்றும் புதுமை என்கிறார்கள், மாதா கோயிலில் அற்புதத்துக்குச் சொல்கிற அர்த்தத்தில்.)

“கெளம்புடா” என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

நான் கிளம்பவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மண்டியிட்டு, சலவைச் சட்டையின் நுனியால் சீட்டிலிருந்த ஒன்றைத் துடைத்தேன். பலகையைத் துடைத்தேன். கிண்ணத்தைத் துடைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். சூடான பாய்லரில் கையைச் சுட்டுக்கொண்டேன். தொட்டியைத் துடைக்கும்போது சட்டை முழுக்கக் கழுநீர். பிலோமினாதான் முதலில் பேசினாள்.

“தொட்டியத் தொடைக்கிறது சரி. மாட்டு மூஞ்சியில போட்டத யாரு தொடைப்பாங்க?”

பார்த்தேன். நான் நம்பர் போடும்போது காளை தலையைத் தூக்கியிருக்கிறது. நெற்றியில் ஐந்து என்று அழகாக விழுந்திருந்தது. அது கம்பெனிச் சொத்தான கவலையே இல்லாமல் அசைபோட்டுக்கொண்டு நின்றது.

முதலில் மாமா சிரித்தார். பிறகு சின்னப்பன். கடைசியாக, கதவைப் பிடித்துக்கொண்டு அவள். காபியை ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னாள். பிழைத்தேன்.

சேஸிஸும் எஞ்சினும் மட்டும் கிடைத்தன, மற்றதெல்லாம் ஆட்களைக் காப்பாற்றியவர்களிடம் இருக்கிறது என்று மேனேஜரிடம் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “கப்பல் முழுகும்போது சரக்கைக் காப்பாத்தினவனுக்குக் கொடுக்கிற கூலி இருக்கே, அதுக்கும் சால்வேஜ்னுதான் பேரு. கணக்குப் பாத்தா அந்த ஊருக்கு நாமதான் பாக்கி. போய் வேலையப் பாரு.”

கல்யாணம் நடந்தது. ஆறாம் நம்பரை மட்டும் அன்றைக்குத் துடைக்க முடியவில்லை, அவள் அதை ஒட்டியே நின்றுவிட்டாள். பிறகு என் மாமனார் அதன் மேலேயே எனாமல் பெயின்ட் அடித்து நிரந்தரமாக்கிவிட்டார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் முதலில் அந்தக் கதவைக் காட்டுவார், அப்புறம்தான் தண்ணீர்.

அந்தச் சீட்டும் இருக்கிறது, பலகையும் இருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும்போது வீட்டுப் பெண்கள் யார் வந்தாலும் எழுந்துவிட வேண்டும் என்பது சட்டம். போன வாரம் பிரசவத்துக்குப் போயிருந்தவளைப் பார்க்கப் போனேன். அலுப்பாக அதில் சாய்ந்தேன். மாமியார் துணிச் சுருளில் என் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றார். பிறந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

“எழுந்துருங்க மாப்ளே” என்றார் மாமனார். “லேடீஸ்.”

எழுந்துவிட்டேன்.