பெண் படித்தால் வீடு ஜன்னலாகும் என்றீர்களே, ஆசிரியரே!

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் இதழை விளம்பரம் உட்பட விடாமல் வாசிக்கும், பஸ் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற அடியேன் எழுதிக்கொள்வது. யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. சுவர் நலமாக இல்லை.

சென்ற இதழில், "பெண்ணைப் படிக்க வைத்தால் வீடு முழுக்க ஜன்னலாகிவிடும்" என்று யாரோ ஓர் இலக்கியவாதி சொன்னதாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அது பாராட்டா, திட்டா என்று ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா? பிள்ளைகளைக் கரையேற்றிய கையோடு என் மனைவி, சாயங்காலக் கல்லூரியில் சட்டம் படிப்பேன் என்று நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். நான் வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். "பாத்தியா, பெரிய எழுத்தாளரே சொல்லிட்டாரு. ஜன்னல்னா தூசி வரும், கொசு வரும், திருடன் வருவான்" என்று வாசித்துக் காட்டினேன். "ஏங்க, வெளிச்சம் வரும்னு சொல்றாருங்க" என்றாள் அவள்.

எங்கள் வீட்டில் எந்த வாக்குவாதத்தையும் செய்து பார்த்துத் தீர்ப்பதுதான் வழக்கம். கட்டில் வாசலில் நுழையுமா என்று பேச்சு வந்து, அது பாதியில் சிக்கி, ஒரு வாரம் அதன்மேல் ஏறி இறங்கித்தான் வெளியே போனோம். இதற்கு மத்தியஸ்தம் செய்ய அவள் தம்பி, கொத்தனார், வந்தார். "என்ன மாமா வெறும் பேச்சு? ஒரு ஜன்னல் வச்சுப் பாத்துடுவோம்" என்று, நான் சட்டை மாட்டுவதற்குள் கூடத்துச் சுவரில் உளியை வைத்துவிட்டார். அந்தப் பக்கம் தெரு என்று நினைத்திருக்கிறார் மனிதர். இருந்ததோ அடுத்த வீட்டு அடுப்படி! ஓட்டை வழியே கரண்டியோடு எட்டிப் பார்த்தது கணக்கு டீச்சர்! என் தலையெழுத்தைப் பாருங்கள், போலீசைக் கூப்பிட வேண்டிய அந்த அம்மா, "நல்லவேளை, பேச்சுத் துணைக்கு ஆளில்லாம தவிச்சேன்" என்று சொல்லி, அடுப்பில் சோறு வேகும் நேரமெல்லாம் என் மனைவிக்கு நுழைவுத் தேர்வுக் கணக்கை நடத்த ஆரம்பித்துவிட்டார். இவள் இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கோபத்தில் ஓட்டைக்குத் திரை தொங்கவிட்டேன். அதிலேயே ஊசி குத்தி வாய்பாட்டை மாட்டிவிட்டார்கள். கடைசியில் தேறியே விட்டாள் ஐயா!

எனக்குப் படிப்பு மேல விரோதமெல்லாம் இல்லீங்க. ஆயுசு பூரா பஸ்ஸுல ஜனங்களுக்கு நடுவுல நின்னவன். அவ சாயங்காலமானா கிளம்பிப் போயிட்டா, நான் யாரோட சண்டை போடுவேன்? பயமா இருக்கு. ஆகவே, அந்த வரி திட்டுதான் என்று அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் அச்சிட்டு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றவும். தாங்களும் தங்கள் அச்சகமும் குறைவின்றி வாழ்க.

இப்படிக்கு,
சுவரிழந்த வாசகன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அவளுக்கு முதல் வகுப்பு முடிந்துவிட்டது. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், வாத்தியாரை மடக்கிய கதையை நடித்தே காட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் அவ்வளவு பேசியதில்லை. மேலே எழுதியதெல்லாம் ரத்து, அச்சிட்டுத் தொலைக்காதீர்கள். நானும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஆம்பளையைப் படிக்க வைத்தால் வீடு என்ன ஆகும் என்று அந்த எழுத்தாளர் ஏதாவது சொல்லியிருந்தால், என் வகுப்பு தொடங்குமுன் தெரியப்படுத்தவும்.