‘வ்யஸ்த் ஹை’ சொல்லும் பெண்மணி

முனிர்கா,
ஞாயிறு.

சிரஞ்சீவி ப்ரீதாவுக்கு,

டில்லி முனிர்கா மாடி வீட்டின் தனிப்பெரும் சக்கரவர்த்தியும் உன் அம்மாவின் ஒரே அண்ணாவுமான அனந்தகிருஷ்ணன் மாமாவின் ஆசீர்வாதம். இங்கே என் முழங்கால் நீங்கலாக சகலமும் க்ஷேமம். குர்கானில் உன் க்ஷேமத்துக்கு, நேரம் ஒழிந்தால், ஒரு வரி போடவும். இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. இது சத்தியம்.

நீ ஞாயிறுதோறும் “பிஸி மாமா” என்கிறாயே, அந்த ஒரு சொல்லுக்குள் உன் ஆபீஸின் அத்தனை மாடியும் அடங்கும். காலையில் சொன்னால் இன்னும் ரஜாய்ப் போர்வைக்குள் இருக்கிறாய். மத்தியானம் சொன்னால் சிநேகிதிகளோடு மால். சாயங்காலம் சொன்னால் தௌலா குவானில் டிராஃபிக். “சூப்பர் பிஸி” என்றால், மாமா கதை ஆரம்பித்துவிடுவாரே என்ற பயம். அதையும் சொல்லாமல் நீ வேறு லைனில் இருந்தால் போனுக்குள்ளிருந்து ஒரு பெண்மணி “வ்யஸ்த் ஹை” என்பாள், அதே பிஸிதான், ஹிந்தியில். கேட்டுக் கேட்டு எங்களுக்குள் உறவே உண்டாகிவிட்டது. போன வாரம் அவளே, “அங்கிள்ஜி, மறுபடியும் நீங்கதானா? சாப்ட்டேளா?” என்றாள், சுத்தமான தஞ்சாவூர்த் தமிழில்! “இல்லம்மா, மருமாள் வருவான்னு அடைக்கு அரைச்சு வெச்சிருக்கேன்.” “அவளா? சோபால படுத்துண்டு ரீல்ஸ் பாத்துண்டிருக்கா. அச்சா, நான் வரட்டுமா?” கேட்ட கையோடு மெட்ரோவை என் பால்கனிக்குத் திருப்பிவிட்டு வந்து இறங்கினாள். பின்னாலேயே, டில்லியில் யாரும் போன் எடுக்காத மாமாக்கள் சித்தப்பாக்கள் பூராவும். வரிசை குதுப்மினாரை மூன்று சுற்றுச் சுற்றியது. நான் அடை வார்த்த வேகத்தில் கல்லே உருகிப்போச்சு. அந்தப் புகையைத்தான் பேப்பர்காரன் காற்று மாசு என்று போட்டுவிட்டான். கீழ்வீட்டு வெங்கட்ராமன் வேறு, “பார்க்குக்கு வரேளா?” என்று கத்தினார். “பிஸி ஓய்!” என்றேன், கேட்டில் ஏதாவது டாக்ஸி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே.

ஆகையால் நீ இனிமேல் சிரமப்பட்டு வரவேண்டாம். மாமாவும் பிஸி. சார்ஜ் இறங்காத போனும் தீர்க்காயுசுமாக இரு.

இப்படிக்கு,
அனந்தகிருஷ்ணன் மாமா

பி.கு.: உனக்குத் தமிழ் படிக்க வராது என்பது நினைவில்தான் இருக்கிறது. போனில் படம் பிடித்து இங்கிலீஷாக்கப் பார்க்காதே. என் கையெழுத்தைப் பாங்கிலேயே யாரும் படித்ததில்லை. அம்மாவுக்கும் அனுப்பாதே, மெட்ராஸில் உட்கார்ந்து அழுவாள். இங்கே எடுத்துக்கொண்டு வா, நானே படித்துக் காட்டுகிறேன். மேலே உள்ளது அத்தனையும் புளுகு. அடைக்கு அரைத்தது மட்டும் நிஜம். வருகிற ஞாயிறும் அரைப்பேன்.