பாதித் தலைக்கு எண்ணெய்

புதுக்கோட்டை மாவட்டத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும், தலையின் வலப்பாதிக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடமாடிய மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவரும் நான் கண்காணிப்பாளராக இருந்த கல்லூரி ஆய்வுப் பிரிவுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

பெயர் கோப்பில் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் 'கண்ட்ரோல்'. ஒரு செடிக்கு மருந்து போட்டால், மருந்து போடாத இன்னொரு செடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். போடாத செடிக்குப் பெயர் கண்ட்ரோல். மற்ற ஆய்வாளர்கள் இதை ஆய்வுக்கூடத்தோடு விட்டுவிடுவார்கள்.

"இடப்பக்கம் என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

"அது கண்ட்ரோல் சார். புது எண்ணெயில முடி கொட்டுறது நிக்குதான்னு பாக்கணும்ல?"

ஒருமுறை ஒரே விடுப்புக்கு இரண்டு விண்ணப்பம் கொடுத்தார். ஒன்று சிரித்து வணக்கம் வைத்து. மற்றது உம்மென்ற முகத்தோடு. எது சீக்கிரம் நகருகிறது என்று பார்க்கிறாராம். இரண்டையும் சேர்த்துத் தைத்துத் திருப்பி அனுப்பினேன். "வித்தியாசம் இல்ல" என்று குறித்துக்கொண்டார்.

அவருடைய முனைவர் ஆய்வு ஒரு நுண்ணுயிர் உரக் கம்பெனியோடு கூட்டு. கல்லூரியில் ஒரு வழிகாட்டி, கம்பெனியில் ஒரு மேலாளர். இருவரும் கையெழுத்திட்டால்தான் ஆய்வேடு என் மேசைக்கு வரும். கறம்பக்குடிப் பக்கம் ஒரு கடலைக் கொல்லையில் பாதிக்குக் கம்பெனிப் பொடி, பாதி சும்மா. கடலை பிடுங்கினால் இரண்டிலும் ஒரே விளைச்சல்! பொடி உதவாது என்று எழுதியதில் கையெழுத்திட மேலாளர் மறுத்தார்.

நம் கண்ட்ரோல் அந்தக் கொல்லைக்கு ஓடினார். துபாய் வேலையை விட்டு ஊர் திரும்பியிருந்த கொல்லைக்கார விவசாயி தலையைச் சொறிந்தாராம்.

"மிச்சப் பொடிய இங்கிட்டும் தூவிட்டேன் தம்பி. அங்கிட்டு இருக்கிறது திங்கும்போது இங்கிட்டு இருக்கிறது பாத்துக்கிட்டு நிக்குமா? மனசு கேக்கல."

மேலாளருக்கு ஒரே குஷி. "அப்ப பொடி வேலை செய்யுது! பக்கத்துக் கொல்லை விளைச்சலைக் கண்ட்ரோல்னு போடுங்க. நாளைக்கே கையெழுத்து."

"எழுதித் தொலைய்யா," என்றேன் நானும். "கெடு முடியுது. விட்டா பதிவு ரத்து, பட்டமும் கிடையாது."

"பக்கத்துக் கொல்லை கண்ட்ரோல் இல்ல சார். அது பக்கத்துக் கொல்லை."

தலையில் அடித்துக்கொண்டு, கால நீட்டிப்புக்கான விதியைத் தேடிக் கொடுத்தேன். விண்ணப்பத்தில் 'காரணம்: விவசாயியின் இரக்கம்' என்று எழுதி வந்தார். இரக்கத்துக்கு எந்த விதியிலும் இடமில்லை. 'எதிர்பாராத களச் சூழல்' என்று அடித்துத் திருத்தினேன். நீட்டிப்பு கிடைத்தது.

அடுத்த சாகுபடியில், சும்மா விட்ட பாதியின் வரப்பிலேயே குடையும் கையுமாகக் காவல் இருந்தார். பொடி போட்ட பாதி நன்றாகவே முந்தியது. மேலாளர் கையெழுத்திட்டார். கண்ட்ரோல் டாக்டரானார்.

அதற்குள் நான் ஓய்வுபெற்றிருந்தேன். இரண்டு ரோஜாத் தொட்டிகளோடு வீட்டுக்கு வந்தார். தலையில் இரண்டு பக்கமும் முடி சமமாகக் கொட்டியிருந்தது.

"இதுக்குப் பொடி போடுங்க சார். அதுக்கு வேணாம்."

ஞாயிறுதோறும் போன் செய்கிறார். செய்யாத வாரம் நானே கூப்பிட்டுத் திட்டுகிறேன்.

"ரெண்டாவது தொட்டிக்குப் போடலையே சார்?"

"விதி எனக்குத் தெரியாதாய்யா?" என்று எரிந்து விழுகிறேன்.

இரண்டு செடியும் ஒரே உயரத்தில் நின்று பூத்திருக்கின்றன.