என் மூக்கில் ஏறிய மஞ்சள்

இராஜபாளையம்,
ஆகஸ்ட் 2020

அன்புள்ள ரோசம்மாள் மதினிக்கு,

கேத்ரின் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீங்களும் அண்ணனும் சுகமென்று நம்புகிறேன்; நம்பத்தான் முடிகிறது, என் நம்பரைப் பார்த்தாலே அண்ணன் போனை எடுப்பதில்லை. காய்கறி வாங்கி வந்து கை கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக அவரை வீடியோ காலிலேயே நாற்பது நிமிடம் திட்டியவள் நான். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மதுரைக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பி, எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் பத்தொன்பது பேருக்கும் கவச உடையைப் போடவும் கழற்றவும் கற்றுத்தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள் அல்லவா, அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே பாண்டீஸ்வரி, மகாராஜபுரத்திலிருந்து வந்துபோகிற பெண், எழுந்து நின்று, "மேடம், கழட்டுறப்ப தப்பாயிருச்சுன்னா என்ன செய்ய? வீட்ல எட்டு மாசக் கைப்புள்ள கெடக்கு" என்று கேட்டாள். "கவனமா இருக்கவங்களுக்குத் தப்பே வராது, உக்காரு" என்று அதட்டினேன்.

கொரோனா வார்டு திறக்க மூன்று நாள் இருக்கையில் பரீட்சை வைத்தேன். எல்லோருடைய கையுறையிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். மஞ்சள்தான் கிருமி, உடையைக் கழற்றி முடித்ததும் யார் மேல் மஞ்சள் தெரிகிறதோ அவருக்கு நோய் வந்ததாகக் கணக்கு. நானும் கையுறையில் பூசிக்கொண்டு, பேசுவது எல்லோருக்கும் கேட்கட்டுமென்று மாஸ்க் இல்லாமல் முன்னால் நின்றேன். பெரிய டாக்டர் ஜெயபாண்டி வேறு பார்க்க வந்திருந்தார், என் குரல் தானாக உயர்ந்துவிட்டது. முடிந்ததும் ஒவ்வொருத்தியையும் காது மடல் வரை சோதித்தேன். ஒரே ஒருத்தியின் முழங்கையில் ஒரு பொட்டு மஞ்சள். அந்தப் பொட்டுக்காகக் கால் மணி நேரம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, தரை துடைக்க வாளியோடு வந்த அய்யம்மாள் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, கோவிச்சுக்கிடாதீக. பிள்ளைக அம்புட்டுப் பேரும் சுத்தமாத்தான் இருக்காக. நீங்கதான் மஞ்சத்தண்ணி வெளையாடிட்டு வந்த மாதிரி இருக்கீக."

கண்ணாடியைப் பார்த்தேன் மதினி. மூக்கு, நெற்றி, இரண்டு கன்னம், கண்ணுக்குக் கீழே ஒரு தீற்றல். "இங்கே தொடக் கூடாது, இங்கேயும் தொடக் கூடாது" என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறேன். டாக்டர், "சிஸ்டர், மதுரையில இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க வெளியே போனார். எல்லோரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரி மட்டும் அழுதாள்.

"உங்களுக்கே இப்படின்னா, நான் எப்பிடி மேடம் புள்ளையத் தூக்குவேன்?"

எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அய்யம்மாளையும் உட்கார வைத்துப் பாடத்தை மாற்றினேன்: இனி யாரும் தனியாகக் கழற்றக் கூடாது. ஒருவர் கழற்ற, இன்னொருவர் எதிரே தள்ளி நின்று ஒவ்வொரு படியாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பென்றால் "நில்லுங்க" என்று யாரும் யாரையும் நிறுத்தலாம். எனக்குக் காவலாகப் பாண்டீஸ்வரியைப் போட்டேன். முதல் நாள் மட்டும் பதினொரு தடவை நிறுத்தினாள். "நில்லுங்க மேடம், கை மூக்குக்குப் போகுது." பதினொன்றும் மூக்குதான். கர்த்தர் எனக்கு அதை ஏன் இவ்வளவு நடுவில் வைத்தார் என்று தெரியவில்லை.

வார்டு திறந்து இன்றோடு முப்பத்திரண்டு நாள். எங்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. பாண்டீஸ்வரி தினமும் ஆஸ்பத்திரியிலேயே குளித்து உடை மாற்றி வீட்டுக்குப் போய், பிள்ளையைத் தூக்குகிறாள். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதாம், வார்டு முழுக்க அதுதான் பேச்சு.

ஆகவே அண்ணனிடம் சொல்லுங்கள்: அவரைத் திட்ட எனக்குத் தகுதி இல்லாமல்தான் இருந்தது. இப்போது வந்துவிட்டது, கிருமியின் பாச்சா இனி என்னிடம் பலிக்காது. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் சிறகுக்குள் வைத்துக்கொள்வாராக.

உங்கள் நாத்தனார்,
கேத்ரின்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு, மாஸ்க்கை இறக்கி, நாக்கால் ஒரு இழுப்பு நக்கி ஒட்டிவிட்டு நிமிர்ந்தால், நர்ஸ்கள் அறை வாசலில் பாண்டீஸ்வரி. அந்த உறை குப்பைக்குப் போய்விட்டது. புது உறைக்கு அவளே பசை தடவப் போகிறாள். நாளைய வகுப்பையும் அவளே எடுக்கிறாளாம். எனக்கு முதல் வரிசையில் இடம் போட்டிருக்கிறாள்.