குமிழி அண்ணையும் ஒரு வாளி பியரும்

உலகத்தில் பியர் காய்ச்சியவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். காய்ச்சிய பியருக்கு ஜுரம் பார்த்தவர் குமிழி அண்ணை ஒருவர்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில், ரயில் போனால் ஜன்னலெல்லாம் தடதடக்கிற பழைய மர வீடொன்றில் மூன்று பேர் குடியிருந்தோம். திருச்சிக்காரன் நான், ஈப்போவிலிருந்து வந்த செல்வா, யாழ்ப்பாணத்து அண்ணை. அண்ணைக்கு நியூ லின்னில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை. மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டவர் இல்லை.

வீட்டிலேயே பியர் காய்ச்சுகிற கிட்டை வாங்கி வந்தது செல்வாதான். மூடியும் குழாயும் வைத்த வெள்ளை வாளி, ஒரு டின் பாகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட், ஒரு விளக்கத்தாள். வாங்கிய வேகத்தில் அவன் அதை மறந்தும் போனான். அந்த வாரம்தான் அண்ணையின் மனைவிக்கும் மகளுக்கும் விசா வந்தது. மூன்று வருடமாக அவர்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் காத்திருந்தார்கள். ஆறு வாரத்தில் வந்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் அண்ணை வாளியைத் தூக்கிக்கொண்டார்.

"படிவம் நிரப்பித் தந்தவை, கடிதம் எழுதித் தந்தவை, கட்டில் தந்தவை எல்லாரையும் இவை வந்திறங்கிற அண்டைக்குக் கூப்பிட வேணும், தம்பி. கடையில வாங்கிக் குடுக்க ஆராலும் ஏலும். இது என்ரை கையால செய்து குடுக்க வேணும்."

"நீங்கதான் குடிக்கவே மாட்டீங்களே, அண்ணே. நல்லா வந்திருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதுதானே தம்பி பயமாக் கிடக்கு."

கிருமி புகுந்தால் எல்லாம் வீண் என்று விளக்கத்தாள் மிரட்டியது. எங்கள் சமையலறை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. அண்ணை தலைக்குக் குளித்து, வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கரண்டியை வேகவைத்தார். வாளி மூடியை வேகவைத்தார். விட்டால் விளக்கத்தாளையும் வேகவைத்திருப்பார். செல்வா ஒரே ஒரு தும்மல் போட்டான். அவனுக்கு மூன்று நாள் சமையலறைப் பக்கமே வரத் தடை.

மூடியின் மேலே வளைந்த சின்னக் குழாய், அதில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே புளிக்கத் தொடங்கினால் அந்தத் தண்ணீரில் குமிழி வர வேண்டும். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. அண்ணை ஒரு முக்காலியும், குமிழிக் கணக்கு எழுத ஒரு கொப்பியுமாக வாளி முன்னால் உட்கார்ந்துவிட்டார். கொப்பியில் மணிக்கு மணி பூஜ்ஜியம்.

"தம்பி, மூச்சு இல்லை."

அந்த ஊரில் ஜூலைதான் நடுக்குளிர்காலம். அந்தக் குளிர்தான் காரணம் என்று முடிவு செய்து, தன் கம்பளிச் சட்டையை வாளிக்கு மாட்டினார். மூடிக்குக் குரங்குக் குல்லாய். வாளிக்கும் கம்பளிக்கும் நடுவே காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். அது முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே காட்டாது என்பதால் பாதரசம் அசையவே இல்லை. அதையும் கெட்ட சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் சூடு என்று சொல்லத்தக்க ஒரே இடம் சுடுதண்ணீர் சிலிண்டர் இருந்த அலமாரி. எங்கள் தோசை மாவு புளிப்பது அங்கேதான். வாளி உள்ளே போனது. மாவிலிருந்து கிருமி பாயும் என்று மாவு வெளியே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தோசையைச் செல்வா மேசையில் தட்டிப் பார்த்தான்.

"என்னாணே இது? தோசையா, ஓடா? ஒரு பக்கெட்டுக்காக நம்மளப் பட்டினி போடுறீங்களே லா!"

அண்ணைக்குத் தோசை பற்றிக் கவலை இல்லை. கொழும்புக்குப் போன் போட்டார். பியர் என்று மனைவியிடம் சொல்ல அவருக்குத் தைரியம் ஏது? "தோசை மா வைச்சனான், புளிக்குதில்லையப்பா" என்றார். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம்; அக்காவின் குரல் கணீரென்று எங்களுக்கும் கேட்டது.

"மேல நுரை நிக்குதோ?"

ஓடிப்போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். "ஓம், நிறைய."

"புளிச்ச மணம்?"

"ஓம்."

"அப்ப அது புளிக்குது. சும்மா திறந்து திறந்து பாக்காதேங்கோ. தேத்தண்ணி போடத் தெரியாத மனுசன் மா அரைக்கிறார்! வந்த உடனை எனக்கு அந்த மாவிலதான் தோசை வேணும்."

போனை வைத்ததும் வாளி மூடியை எடுத்து நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வேகவைத்ததில் அப்பளம் போல நெளிந்திருந்தது. மூச்செல்லாம் குழாய்க்கு வராமல் பக்கவாட்டில் போயிருக்கிறது. அண்ணை சிரிக்கவில்லை. வருவேன் என்று சொன்னது எதுவும் சொன்னபடி வந்து பழக்கமில்லாத மனிதர். விசா கையில் வந்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பயம் முழுவதையும் இந்த வாளியின் மேல் போட்டுவிட்டார். எனக்கு அது அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு போத்தலில் அடைத்தார். நுரை பொங்க ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சீனி. நினைப்பெல்லாம் விமானத்தில் இருந்ததால் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்த போத்தலுக்கெல்லாம் இன்னொரு கரண்டி. இரண்டு வாரம் கழித்து ஒரு போத்தல் வெடித்தது. அந்தச் சத்தத்தில் அண்ணை கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் பழகிய பழக்கம். நாங்கள் அன்று கேலி செய்யவில்லை. மீதிப் போத்தல்களைப் போர்வையில் சுற்றி, தோட்டத்துக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தோம்.

அந்த நாளும் வந்தது. விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பின்வளவு நிறைய ஆட்கள். மகள் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தபடி நின்றாள். அக்கா பயணச் சேலையோடு நேரே வந்து கேட்டார்:

"எங்கை அந்த மா?"

அண்ணை ஒரு போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்ததுதான் தாமதம், பாதிப் போத்தல் அக்காவின் சேலையில் இருந்தது.

அக்கா கன்னத்தில் வழிந்த நுரையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"மா நல்லாத்தான் புளிச்சிருக்கு" என்றார்.

முதலில் சிரித்தவர் அக்கா. அண்ணையும் சிரித்தார், சிரித்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மூன்று வருடத்து அழுகை. பியர், உண்மையைச் சொன்னால், வாழைப்பழச் சோப்பைக் கரைத்த மாதிரி இருந்தது. ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. எல்லோரும் இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கினோம்.

இன்றும் குளிர்காலத்தில் மாவு வைக்கப் போனால் சுடுதண்ணீர் அலமாரிக் கதவை மெதுவாகத்தான் திறக்கிறேன். உள்ளே அண்ணை கொப்பியோடு உட்கார்ந்திருந்தால் பாவம், எண்ணிக்கை தவறிவிடும்.