பி புளோக்கில் கேஸ்

"கேஸ் மேலேதான் மிஸ்ஸி வருது. கீழே சுத்தமா அடைச்சிருக்கு, நாலு நாளாச்சு. எப்ப வெடிக்கும்னே தெரியல."

மேசைக்கு அடியில் பாதித் தலையை நுழைத்துக்கொண்டு சிவநேசன் கைப்பேசியில் கிசுகிசுத்தார். செந்தூலில் உள்ள ஒரு பன்னிரண்டு மாடிக் கொண்டோவில், பி புளோக்குக்கு அவர்தான் சூப்பர்வைசர். மேலே என்றால் ஏப்பம். கீழே என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சர்க்கரைக்காக வாரம் ஒருமுறை வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறார். ஐந்தாவது வாரம் டோஸை ஏற்றினார்கள். அன்றிலிருந்து வயிற்றுக்குள் யாரோ புதிதாகக் குடிவந்து மேசை நாற்காலிகளை இழுத்துப்போட்டு இடம் பார்ப்பதுபோல் இருந்தது.

"பயப்படாதீங்க அங்கிள்," என்றாள் கிளினிக் நர்ஸ் தாமரை மிஸ்ஸி. "அந்த மருந்து வயித்த மெதுவாக்கிடும். சாப்பாடு சீக்கிரம் நகராது. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, வயிறு ரொம்புறதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. எண்ணெய்ப் பலகாரம் வேணாம். தண்ணி நெறைய குடிங்க, நடங்க. வாந்தி நிக்கலன்னாலோ, வயித்துவலி தாங்க முடியலன்னாலோ உடனே வந்துடணும். அப்புறம் முக்கியமா ஒண்ணு..."

கதவு கிரீச்சிட்டது. சிவநேசன் அழைப்பைத் துண்டித்தார்.

ஒன்பதாம் மாடி இராஜம்மா நின்றுகொண்டிருந்தார். தன் பார்க்கிங்கில் யாரோ காரை விட்டிருப்பதைப் பற்றிச் சண்டை போட வந்தவர், வந்த காரியத்தை மறந்து வெளிறிப்போயிருந்தார்.

"என்னங்க சிவநேசன், கேஸா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லையா? மேலே கேஸ் வருதுன்னீங்க. கீழே அடைச்சிருக்குன்னீங்க. வெடிக்கும்னு வேற சொன்னீங்க!"

"அது வேற கேஸ்க்கா."

"கேஸ்ல என்னய்யா வேற கேஸ்?"

உண்மையைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அன்று மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடி, சிவநேசனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவிருந்தது. கமிட்டித் தலைவர் காசிவிஸ்வநாதனுக்கு நோயாளிகளைக் கண்டாலே ஆகாது. "பன்னெண்டு மாடி ஏறி எறங்க உடம்பு வேணும். இது ஆஸ்பத்திரி இல்ல" என்பார். முட்டிவலி என்று ஒரே ஒரு நாள் லீவு கேட்ட பழைய சூப்பர்வைசர் தம்புசாமியை வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

இராஜம்மா ஓடிப்போனார். சிவநேசன் பதற்றத்தில், வயிற்றை அடக்கலாம் என்று ஒரு டின் எலுமிச்சை சோடாவை உடைத்து மடமடவென்று குடித்தார். தாமரை மிஸ்ஸி சொல்ல வந்த அந்த முக்கியமான விஷயம், சோடா குடிக்காதீர்கள் என்பதுதான்.

வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழுந்தது. 'அவசரம்! பி புளோக்கில் கேஸ் லீக். மேலே வருகிறது. கீழே அடைப்பு. சூப்பர்வைசரே ஒப்புக்கொண்டார்.' ஐந்து நிமிடத்தில் அறுபத்து மூன்று பதில்கள். ஒருவர் மட்டும் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார்.

அறுபத்து நான்காவது பதிலாகக் காசிவிஸ்வநாதனே நேரில் வந்து நின்றார்.

"மிஸ்டர் சிவநேசன்! மூணு வாரமா நான் கத்திக்கிட்டிருக்கேன், லிஃப்ட்ல கேஸ் வாடை, லிஃப்ட்ல கேஸ் வாடைன்னு. ஒருத்தர் காதுல போட்டுக்கல. இப்ப பாருங்க! வாங்க, மாடி மாடியா செக் பண்ணுவோம்."

சிவநேசன், காசிவிஸ்வநாதன், இராஜம்மா மூவரும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியது. எலுமிச்சை சோடா சிவநேசனின் நெஞ்சுக்குள் ஒரு நீர்மூழ்கிக் கப்பலைப்போல மெல்ல மேலெழுந்தது. அவர் உதட்டைக் கடித்தார், மூச்சைப் பிடித்தார், கண்ணைக்கூட மூடிக்கொண்டார்.

நாலாவது மாடி வருவதற்குள் அழுகிய முட்டை வாடை குப்பென்று அடித்தது.

"வந்துடுச்சு!" என்று முதல் ஆளாகக் கத்தினார் காசிவிஸ்வநாதன்.

சிவநேசன் கூனிக்குறுகிப்போனார். வாயைத் திறக்கவே இல்லையே! காது வழியாகப் போயிருக்குமோ?

கட்டடத்துக்கு கேஸ் பைப் போட்ட அய்யாவு வரவழைக்கப்பட்டான். பழைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, கையில் ஒரு மீட்டரை ஏந்திக்கொண்டு சுவரெல்லாம் நீட்டினான். மீட்டர் தியானத்தில் இருப்பதுபோல் சும்மா இருந்தது.

"லீக்கே இல்ல பாஸ்."

"அப்ப இந்த வாடை?"

அய்யாவு மூக்கை உறிஞ்சினான். "வாடை இருக்கு லா. ஆனா நாலாவது மாடியில இருந்துச்சு, இப்ப ஏழாவதுல இருக்கு. நான் இருவது வருசமா கேஸ் பாக்குறேன், நம்மகூடவே லிஃப்ட்ல ஏறி எறங்குற கேஸை இப்பத்தான் பாக்குறேன்."

சிவநேசனுக்கு ஒரு யோசனை வந்தது. தான் கூட இல்லாவிட்டால் வாடையும் இருக்காது. "நான் படியில வரேன் சார், அந்தப் பக்கமும் செக் பண்ணணும்ல" என்று நழுவினார். மற்றவர்கள் லிஃப்டில் போக, இவர் ஏழிலிருந்து பன்னிரண்டு வரை படியேறினார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, யாருமில்லாத சுவரைப் பார்த்து மனசாரச் சில ஏப்பங்களை விட்டார். கடைசி மாடியில் கதவைத் திறந்தால், மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

"இங்கேயும் வந்துடுச்சு!" என்றார் காசிவிஸ்வநாதன்.

தன் ஏப்பம் தன்னை முந்திக்கொண்டு மேலே வந்துவிட்டதாகவே சிவநேசன் நம்பினார். அதற்குக் கால்கள் முளைத்துவிட்டன. இனி அது தனியாக வேலைக்குப் போகும், கல்யாணம் கட்டிக்கொள்ளும்.

"பொம்பாவைக் கூப்பிடுங்க," என்று தீயணைப்புப் படையை வரவழைக்கச் சொன்னார் தலைவர்.

"பொம்பா வேணாம் சார்!"

"ஏன் வேணாம்? எதை மறைக்கிறீங்க?"

"மறைக்கல சார். தானா சரியாயிடும். நெறைய தண்ணி குடிச்சு, கொஞ்சம் நடந்தா..."

"கேஸ் பைப் எப்படிய்யா நடக்கும்?"

பொம்பா வண்டி இரண்டு வந்தது. அலாரம் அலறியது. பி புளோக் மொத்தமும் படியிறங்கிக் கீழே கூடியது. ஒருவர் கல்யாண ஆல்பத்தைக் கட்டிக்கொண்டு வந்தார், ஒருவர் பாதி வெந்த சோற்றோடு ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். காசிவிஸ்வநாதனின் மனைவி காமாட்சி அவசரத்தில் கணவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார்.

பொம்பா அதிகாரியின் கருவியும் சத்தம் போடவில்லை. ஆனாலும் இத்தனை பேர் வாடை வந்ததாகச் சொல்வதால், மொத்த கேஸ் லைனையும் ஒரு வாரம் மூடிவிட்டுச் சுவரை உடைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"ஒரு வாரமா? தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருக்கு!" என்று இராஜம்மா அலறினார். "முறுக்கை வெயில்லயா சுடுறது?"

கூட்டம் கொதித்தது. யார் மேலாவது பழி விழுந்தாக வேண்டும். காசிவிஸ்வநாதன் கையை நீட்டினார்.

"எல்லாம் இந்த அய்யாவு போட்ட பைப்! இவன் லைசென்ஸைப் பிடுங்கச் சொல்லி இன்னைக்கே நான் லெட்டர் எழுதுறேன்."

அய்யாவுவின் முகம் செத்துப்போயிற்று. "மீட்டரைப் பாருங்க பாஸ்... எனக்கு இது ஒண்ணுதான் தெரியும் பாஸ்..."

சிவநேசன் மணியைப் பார்த்தார். நாலே கால். இன்னும் முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பிவிடும். அய்யாவுவைப் பார்த்தார். பிறகு காவல்கார ஜாகா உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

"அய்யாவு மேல தப்பு இல்ல. கேஸ் நான்தான்!"

இருநூறு தலைகள் நாற்காலிப் பக்கம் திரும்பின.

"நீங்க கேஸா?" என்றார் இராஜம்மா.

"ஆமாக்கா. எனக்குச் சர்க்கரை. வாரம் ஒரு ஊசி, பாக்க பேனா மாதிரியே இருக்கும், வயித்துல நானே குத்திக்கிறேன். நல்ல மருந்துதான், சர்க்கரை எறங்கியிருக்கு. ஆனா ஏப்பம் வருது. காலையில நீங்க கேட்டது மிஸ்ஸிக்கிட்ட என் வயித்தைப் பத்திப் பேசினது. கட்டடத்தைப் பத்தி இல்ல. மன்னிச்சிடுங்க."

சாட்சிக்கு வந்ததுபோல், படியில் விட்டதுபோக மிச்சமிருந்த ஏப்பம் ஒன்று அந்த உயரத்திலிருந்து முழங்கிக்கொண்டு வெளியேறியது. முன்வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். இராஜம்மா மட்டும் துணிந்து கிட்டே போய் முகர்ந்தார்.

"எலுமிச்சை வாசமா இல்ல வருது? அந்த முட்டை நாத்தம் எங்க?"

"அதெல்லாம் காத்துல போயிருக்கும்!" என்று காசிவிஸ்வநாதன் குரலை உயர்த்தினார். "நோயை மறைச்சு வேலை பாத்திருக்கீங்க, மிஸ்டர் சிவநேசன். வயித்துல ஊசி குத்திக்கிட்டு ஊரையே நாறடிக்கிற ஆளு இங்க வேணாம். சாயங்காலம் மீட்டிங்குக்கு நீங்க வரவே வேணாம்!"

அதுவரை ஓரமாக நின்ற காமாட்சி, பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு கணவரின் பக்கத்தில் வந்தார்.

"ஏங்க, மை காஞ்சிடும்னு நீங்க ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கிற பேனா அதுதானா? வீட்டுக்குள்ள கேஸ் லீக்குன்னு பயந்து மூணு வாரமா நான் அடுப்பே பத்த வைக்காம கெடக்குறேனே!"