ப்ளஸ் அரை என்றால் மாடி வீடு

அரைகுறையாகப் படித்தவனால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை, அவன் வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை. எனக்கு அந்த வழக்கம் என்றைக்கும் கிடையாது.

எண்பதுகளில் நான் ப்ளஸ் டூ படித்தபோது வேதியியலில் குவாண்டம் எண்கள் வந்தன. அணுவுக்குள் ஒரு எலக்ட்ரான் எங்கே குடியிருக்கிறது என்பதை நாலு எண்களில் சொல்லிவிடலாமாம். முதல் மூன்றும் எந்த ஆர்பிட்டால் என்று காட்டும். அதற்குள் இரண்டு எலக்ட்ரான்தான் இருக்க முடியும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது நாலாவது எண்: ஒன்றுக்கு ப்ளஸ் அரை, மற்றதற்கு மைனஸ் அரை. புத்தகத்தில் மேல்நோக்கி ஒரு அம்பு, கீழ்நோக்கி ஒரு அம்பு. எனக்குப் புல்லரித்துவிட்டது. அட, இது அப்படியே எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் அல்லவா! செக்டர், ரோடு, பிளாக், அப்புறம் மாடியா கீழா. (எனக்குப் புரிந்த ஒரே வேதியியல் இதுதான். அதையும் சும்மா வைத்திருக்க முடியவில்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மெர்சியைப் பெண் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து வருவதாக இருந்தது. பையனுக்கு பேங்க் வேலை. போட்டோவைப் பார்த்ததிலிருந்து அக்கா சமையலறையில் பாடிக்கொண்டே இருந்தாள். முன்பு வந்த இடங்கள் தட்டிப்போனதால் அம்மா ஜெபத்தைக் கூட்டியிருந்தாள். அப்பா என்னை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார்.

"ஆட்டோ புடிச்சு ஏத்திவிட்டு, வழி சொல்லிட்டு, கலர் வாங்கிட்டு வா. வேற எதுக்கும் வாயைத் தொறக்காதே."

பையன், அவன் அம்மா, பெரியப்பா மூவரும் ஆட்டோவில் ஏறினார்கள். "வீடு எங்கப்பா?" என்றார் பெரியப்பா. மாடி வீடு என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது.

"ரொம்ப சிம்பிள் சார். எலக்ட்ரான் மாதிரி நினைச்சுக்குங்க. செக்டர் மூணு, ரோடு ரெண்டு, பிளாக் ஒண்ணு. நாலாவது நம்பர் ப்ளஸ் அரை!"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, ஊடு எங்கன்னு கேட்டா கணக்கு போட்டுகினு கீறே?"

கலர் பாட்டில்களோடு சைக்கிளில் வந்து சேர்ந்தேன். மாடியில் அக்கா பட்டுப்புடவையில் காத்திருக்கிறாள், கேசரி ஆறிக்கொண்டிருக்கிறது, யாரையும் காணோம். கீழ் வீட்டில் மட்டும் ஒரே சிரிப்பு. இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். ஐயோ! பையன் சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். எதிரே கீழ் வீட்டு ஜெசிந்தா, காபித் தட்டும் வெட்கமுமாக. அவளுக்கும் வரன் தேடிக்கொண்டிருந்தார்கள். சர்ச்சில் சொல்லி வைத்த யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து உபசாரத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீ சொன்ன மாதிரியே கரெக்டா வந்துட்டோம் தம்பி" என்றார் பெரியப்பா பெருமையாக. "அரைன்னா பாதிதானே? முழுசா ஏறினாத்தானே மாடி!"

ஒளி ஆற்றலை வாங்கிய எலக்ட்ரான் மேல் மட்டத்துக்குத் தாவும், கீழே விழும்போது அதை ஒளியாகக் கக்கும் என்பது அடுத்த பாடம். அப்பா தடதடவென்று மாடிப்படி இறங்கி வந்தபோது அவர் முகத்திலேயே அதைப் பார்த்தேன். அறை விழுந்ததும் என் கண்ணுக்குள்ளும் தெரிந்தது.

மரியாதைக்காக மேலே வந்து கேசரி சாப்பிட்டார்கள். பையனின் பார்வை மட்டும் படிக்கட்டை விட்டு நகரவில்லை. சீக்கிரமே அவனுக்கும் ஜெசிந்தாவுக்கும் கல்யாணம். அன்று அக்கா அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிறகு அம்பத்தூரில் அக்காவுக்கு நல்ல இடம் அமைந்தது. ஜெசிந்தா இன்றும் கிறிஸ்துமஸ்தோறும் எனக்கு கேக் கொடுத்தனுப்புகிறாள். அத்தான் குறட்டை விட்டாலோ, குழம்பில் குறை சொன்னாலோ அக்கா உடனே எனக்குப் போன் போடுவாள்.

"ஏன்டா, மாடின்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா?"

பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்கும்: "அவன் சொல்லாம விட்டதுக்கு நானில்ல அழணும்!"